யூதச் சிறுமிக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு

புனேயில் பெண்கள் முகத்தைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். துப்பட்டாவைத் தலையில் போட்டு, நெற்றியை மூடி, மூக்கோடு சேர்த்துச் சுற்றிப் பிடரியில் ஒரு முடிச்சுப் போட்டால் கண்கள் மட்டும்தான் மிச்சம். தொண்ணூறுகளின் நடுவில், கோவில்பட்டியிலிருந்து வங்கி மாற்றலில் நான் பிம்ப்ரிக் கிளைக்கு வந்து சேர்ந்த முதல் வாரம், அப்படியோர் உருவம் என் கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நின்றது. துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி கதவைத் திறந்து சலாம் வைத்து உள்ளே விட்டிருக்கிறான். எங்கள் ஊரில் முகத்தைக் கட்டிக்கொண்டு வங்கிக்குள் நுழைகிறவர்கள் பணம் கட்ட நுழைவதில்லை. பரீட்சைக்குப் படித்த இந்தியில், 'தயைகூர்ந்து தங்கள் திருமுகத்தைக் காட்டியருளுக' என்கிற தொனியில் ஏதோ சொன்னேன். அந்த உருவம் முடிச்சை அவிழ்த்தது. உள்ளே கல்லூரி வயதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு வெயில், புகை, தூசி என்று காரணங்களை அடுக்கினாள். சலானில் முத்திரை குத்தி நீட்டியபோது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள்: யாருடைய பைக்கில் போகிறேன் என்று மாமாவுக்குத் தெரியக் கூடாதே. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இதை ஒரு பெரிய வேடிக்கையாகக் கிளையில் எல்லாருக்கும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அங்கிருந்த பெண்கள் எல்லாருடைய கைப்பையிலும் அந்தத் துணி இருந்தது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற நீங்கள், 'புனே என்ன வெளிநாடா, புலம்பெயர்ந்தேன் என்று எழுத வந்துவிட்டாள்' என்பீர்கள். நியாயம்தான். பாஸ்போர்ட் கேட்கவில்லை, பனி கொட்டவில்லை. ஆனால் டொராண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் தமிழ்க் கடையில் தமிழில் கேட்டு முருங்கைக்காய் வாங்குகிறான். நான் பிம்ப்ரிச் சந்தையில் இந்தியில் கூப்பிட்டு, மராத்தியில் பேரம் பேசி, ஏமாந்த பிறகு தமிழில் திட்டிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. அவன் புலம்பெயர்ந்தவன் என்றால் நான் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் மாதம் ஒருமுறை கூடி வடை சாப்பிடும் இடம்தான் எங்கள் தமிழ்ச் சங்கம்.

சங்கத்தில் இரண்டு கட்சி. கட்கியில் மூன்று தலைமுறையாக வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை பார்க்கும் குடும்பங்கள் ஒன்று. வட ஆற்காட்டுத் தமிழில் பாதி, இந்தியில் பாதி என்று பேசுவார்கள். வங்கி, கணக்கு அலுவலகம், கல்லூரி என்று மாற்றலில் வந்து விழுந்த எங்களைப் போன்றவர்கள் இன்னொன்று. இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் ஹிஞ்சேவாடிக் கணினிக் கம்பெனிகளிலிருந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்கும் மூன்றாவது கட்சியும் சேர்ந்துகொண்டது. அவர்கள் வந்து உட்கார்ந்ததுமே திரும்பிப் போகும் வண்டி எப்போது என்று பார்ப்பார்கள். மூன்று கட்சிக்கும் பொதுவானது பொங்கல் விழாச் சாப்பாடும் பொங்கல் விழா நாடகமும். நாடகம் என்றால், மேனேஜர் திடீரென்று வீட்டுக்கு வர, மனைவி ஊரிலில்லாத கணவன் வேலைக்காரியை மனைவியாக நடிக்கச் சொல்லும் நாடகம். நான் வந்த நாளிலிருந்து மேனேஜர்தான் மாறினாரே தவிர நாடகம் மாறவில்லை. சங்கத்தின் மாத இதழைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரியும் என்று எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.

எங்கள் மாடி வீட்டில் குல்கர்ணி பாயி இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நாம் சினிமாவுக்குப் போவதுபோல் புனேக்காரர்கள் நாடகத்துக்குப் போவார்கள். உள்ளே யாரும் முறுக்குத் தின்ன மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எதிரிப் படைக்குப் பயந்து ஒரு வீட்டின் பின்பகுதியில் குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஒருத்தி, அந்தப் போர்க்காலத்தில் எழுதிய நாட்குறிப்பை வைத்துப் போட்ட மராத்தி நாடகம். கடைசியில் படைவீரர்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். சிறுமி போகிறாள், நாட்குறிப்பு நிற்கிறது. பாதி வசனம் எனக்குப் புரியவில்லை, முழு நாடகத்துக்கும் அழுதேன். இந்தப் பொங்கலுக்கு இதைத் தமிழில் போடலாம் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். செயலாளர் வைத்தியநாதன் சார் உடனே சம்மதித்தார். அவர் கலைத் தாகத்தால் சம்மதித்தார் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். மேனேஜராக நடிக்கிறவர் அந்த வருடம் கௌஹாத்திக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

சிறுமியாக நடிக்க வந்தவள் வனிதா. கட்கிப் பெண், அப்பா ஃபாக்டரியில், இவள் பி.காம். கடைசி வருடம். பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் இருப்பாள். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க வசனங்களைத் தேவநாகரியில் எழுதிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த அந்த எழுத்தில் நம்முடைய ழகரம் இல்லாததால், அது வரும் இடத்திலெல்லாம் ஒரு சின்னப் பூவை வரைந்து வைத்தாள். பூவைக் கண்டால் நாக்கை மடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒத்திகைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவாள். அவளுடைய வசனம் போக, மற்றவர்கள் வசனத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள். நாடகத்தை இரண்டு முறை போடுவதாகத் திட்டம். பொங்கல் விழாவில் ஒன்று, அடுத்த மாதம் கட்கி சனங்களுக்காகக் கட்கியிலேயே ஒன்று. அம்பர்நாத்தில் ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்ததால் அவளுக்கு அதற்குள் பயம் வந்துவிட்டது.

"ஆன்ட்டி, ஷாதிக்கு அப்புறம் யாரு விடுவா? ரெண்டு ஷோவும் நான் பண்ணணும். எனக்கு தமிழ்ல முழுசா தெரிஞ்சது இந்த டிராமா ஒண்ணுதான் நா" என்றாள்.

நிச்சயம் பண்ணுவாய் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்கும்போது அவளுடைய அம்மாவை நான் பார்த்திருக்கவில்லை.

அம்மா பெயர் சரோஜா. கட்கி லைன் வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவர். உடையணிந்து பார்க்கும் ஒத்திகைக்கு வந்தார். மகள் ஒரு பழைய ஃபிராக்கில், நெஞ்சில் யூதர்கள் குத்திக்கொள்ள வேண்டிய மஞ்சள் நட்சத்திரத்தோடு, பொட்டில்லாமல் நிற்பதைப் பார்த்ததும் மாவுத் தூக்கை அப்படியே கீழே வைத்தார்.

"இன்னா மேடம் இது? கட்டிக்கப் போற பொண்ணு பாழ் நெத்தியோட அத்தினி பேர் முன்னாடி நிக்கறதா? பொட்டு இல்லாம என் பொண்ணு மேடை ஏற மாட்டா."

யூதர்கள் பொட்டு வைப்பதில்லை என்று விளக்கினேன். அவங்க வெக்கமாட்டாங்க, சரி, என் பொண்ணு வெப்பா என்றார். உலகப் போர், படையெடுப்பு, இனவெறி என்று என் கையில் இருந்த அத்தனையையும் எடுத்துவிட்டேன். சரோஜா பொறுமையாகக் கேட்டு முடித்து, ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை நீட்டினார். வனிதா அழத் தொடங்கிவிட்டாள். கடைசியில் வழியும் சரோஜாவே சொன்னார்: பொட்டை ஒட்டிவிடுவது, அதன் மேல் மேக்கப்பைப் பூசி மறைத்துவிடுவது. "இருக்குன்னு சாமிக்குத் தெரிஞ்சா போதும் மேடம், சனங்களுக்குத் தெரிய வேணாம்." இந்த ஊரில் நான் கேட்ட சமரசங்களில் இதைவிடப் பூரணமான ஒன்றில்லை.

மேக்கப்புக்குக் குல்கர்ணி பாயி ஒரு மராத்தி நாடகக்காரரை ஏற்பாடு செய்திருந்தார். வனிதாவின் நெற்றியில் அரக்குப் பொட்டை ஒட்டி, இதன் மேல் தோல் நிறத்தில் பான்கேக் பூசுங்கள் என்றதும் அவர் கையில் இருந்த ஸ்பாஞ்சு அந்தரத்தில் நின்றது. "சுப்பானா ஹை தோ லகானா க்யூன்?" என்று கேட்டார். ஒளிக்க வேண்டியதை ஒட்டுவானேன்? நான் என் இந்தியில் அம்மா, சாமி, கல்யாணம், நெற்றி என்று தெரிந்த சொற்களையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் முகம் மெல்ல இரக்கமாயிற்று. பெண்ணின் நெற்றியில் ஏதோ வெள்ளைத் தழும்பு, கல்யாணத்துக்காக மறைக்கிறார்கள், பாவம் என்று புரிந்துகொண்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதுபோல் எனக்குத் தலையசைத்துவிட்டு இன்னொரு பூச்சும் சேர்த்துப் பூசினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கு ஹாலஜன் விளக்கு கிடையாது. பொங்கல் விழாவன்று நாங்கள் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அரங்கில் மேடைக்கு மிக அருகில் இரண்டு விளக்குகள் இருந்தன. முதல் காட்சி நன்றாகவே போயிற்று. இரண்டாவது காட்சியில் வனிதாவின் நெற்றி மின்னியது. அதற்கடுத்த காட்சியில் ஒரு வளையம் தெரிந்தது. பிறகு வியர்வை வழிய வழியப் பொட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேறியது. நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று நெற்றியைத் துடைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவள் ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருந்தாள். படைவீரர்கள் கதவைத் தட்டியபோது, மஞ்சள் நட்சத்திரத்துக்கு மேலே, நெற்றி நடுவில், அரக்குப் பொட்டு முழுசாக உதித்திருந்தது. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. விளக்கு அணைந்தது.

நாடகத்தைப் பற்றி வாசகர்கள் கருத்து எழுதலாம் என்று இதழில் ஒரு வரி போடுவது வழக்கம். யாரும் எழுதாமல் இருப்பதும் வழக்கம். அந்த மாதம் தபால்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குக் கடிதங்கள் வந்தன. அவுந்திலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், யூதப் பெண்ணுக்குப் பொட்டு வைத்தது வரலாற்றுப் பிழை, ஆராய்ச்சி போதாது என்று எழுதி, நமக்கென்று ஒரு துயரம் கிடையாதா, அடுத்த நாட்டுத் துயரத்தை எதற்குக் கடன் வாங்க வேண்டும் என்று கேட்டு, வடை ஆறியிருந்ததையும் வருத்தத்தோடு பதிவு செய்திருந்தார். ஹிஞ்சேவாடி இளைஞர் ஒருவர் ஆங்கில எழுத்துகளில் தமிழை அடித்து மின்னஞ்சல் அனுப்பினார்; அதை வாய்விட்டு வாசித்தால்தான் புரியும். மறைத்த அடையாளம் ஒருநாள் வெளியே வந்தே தீரும் என்பதை இயக்குநர் பொட்டின் மூலம் காட்டியிருப்பது உலகத் தரம், எந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டிருந்தார். வியர்வை என்று பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் இருந்தன. அந்தப் பெண் அம்மாவை எதிர்த்துப் பேசுகிறாள், நாட்குறிப்பில் குறை சொல்லி எழுதுகிறாள், நம் பிள்ளைகள் இதைப் பார்த்து எதைக் கற்பார்கள் என்று ஒரு தாய். கூடவே ஒளிந்திருந்த மாடியறைப் பையனுக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆகியிருந்தால் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று ஒரு தந்தை. தாபோடியிலிருந்து வந்த கடிதத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். 'ஒரே அறையில் எட்டுப் பேர், ஒரே கழிப்பறை, சத்தம் போடக் கூடாது. இதில் சோகம் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. எங்கள் வீட்டில் ஒன்பது பேர். மச்சானுக்கு நைட் ஷிஃப்ட் என்பதால் பகலில் நாங்களும் சத்தம் போடுவதில்லை' என்று இருந்தது. பிம்ப்ரி அம்மாள் ஒருவரின் கடிதம் மஞ்சள் தடவி வந்தது. வனிதாவின் நெற்றியில் மாரியம்மன் இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், அப்போது உடம்பு சிலிர்த்ததாகவும், அந்தப் பெண் தன் வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். பாரபட்சம் கூடாது என்று எல்லாவற்றையும் இதழில் போட்டேன்.

கருத்து எழுதாதவர் ஒருவர்தான், குல்கர்ணி பாயி. விழாவுக்கு வந்து, தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல் முழு நாடகத்தையும் உட்கார்ந்து பார்த்தார். மாடிப்படியில் என்னைப் பிடித்து, பெண் நன்றாகச் செய்தாள் என்று பாராட்டிவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டார். அவர்கள் எல்லாரும் ஒளிந்திருக்கிறார்கள்தானே? அப்படியானால் ஏன் அத்தனை பேரும் கத்தினார்கள்? தமிழ் மேடை வழக்கம் அது என்று சமாளித்தேன். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்றேன். படைவீரர்களுக்குமா என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

கடிதங்கள் வெளியான வாரம் சங்கக் கமிட்டி கூடியது. வைத்தியநாதன் சார் இதழைப் பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"மேடம், நாம நடத்தறது பொங்கல் விழா, தெவசம் இல்லை. மிலிட்டரிக்காரன் கதவைத் தட்டறான், தட்டட்டும். பின்பக்கமா ஒரு கதவு வெச்சுடுங்கோ. பொண்ணு தப்பிச்சுப் போயிடட்டும். எல்லாரும் சேர்ந்து மங்களம் பாடி முடிச்சுடலாம்" என்றார்.

உலகப் போரின் முடிவைக் கமிட்டித் தீர்மானத்தால் மாற்ற முடியாது என்றேன். அப்படியானால் கட்கியில் சங்கத்தின் பேனர் கிடையாது என்றார். பேனர் இல்லாவிட்டால் மண்டபம் கிடைக்காது, மண்டபம் இல்லாவிட்டால் இரண்டாவது முறை இல்லை. வனிதாவிடம் எப்படிச் சொல்வது என்று மனம் கனத்துப் போயிற்று. அவளோ என்னைப் பார்க்கும்போதெல்லாம், இந்த முறை பொட்டில்லாமல் பண்ணலாமா என்று அம்மாவுக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சரோஜா என் வங்கிக்கே வந்தார். கவுன்ட்டரில் நின்று சொல்ல முடியாத விஷயம் என்றதால் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனேன். பிம்ப்ரி அம்மாளின் கடிதம் கட்கியில் வேலை செய்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வீட்டு வாசலில் நிற்கிறார்கள். வனிதா கல்லூரிக்குக் கிளம்பினால் ஒருத்தி காலில் விழுகிறாள். ஒருத்தி மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்கிறாள். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அம்பர்நாத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. சாமி வருகிற பெண்ணை வைத்துக் குடும்பம் நடத்துவது எப்படி, கோபம் வந்தால் யார் தாங்குவது என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார். மங்கலத்துக்காக ஒட்டிய பொட்டு மங்கலத்துக்கே உலை வைத்துவிட்டது.

"அடுத்த ஷோவுல பொட்டு வேணாம் மேடம். அம்பர்நாத்துக்காரங்க வந்து குந்திப் பாக்கட்டும். என் பொண்ணு மேல எந்தச் சாமியும் வர்லன்னு அவங்களுக்குப் புரியணும்" என்றார் சரோஜா.

சிரிப்பை அடக்க டிபன் பாக்ஸைத் திறந்து மூடினேன். பேனர் விஷயத்தைச் சொன்னதும், பேனர் இன்னாத்துக்கு, நான் பேசறேன் என்று கிளம்பிப் போனார். இட்லி மாவு வாங்காத வீடு கட்கியில் இல்லை. இரண்டே நாளில் தொழிலாளர் மண்டபம் கிடைத்தது. சங்கம் இல்லாமலே நாடகம் நடக்கப் போகிறது என்று தெரிந்ததும், வைத்தியநாதன் சார் முதல் நாளே ஆளனுப்பிப் பேனரைக் கட்டிவிட்டார்.

கட்கி மண்டபத்தில் ஒப்பனைக்கென்று தனி அறை இல்லை. பாத்திரங்கள் அடுக்கியிருந்த ஒரு அறையில், என் வீட்டிலிருந்து கொண்டுபோன கண்ணாடியை ஆணியில் மாட்டினோம். அதே மேக்கப்காரர் வந்திருந்தார். வனிதா வழக்கம்போல் பொட்டோடு வந்திருந்தாள். நானே எடுக்கிறேன் என்று சரோஜா மகளின் முகத்தைப் பிடித்தார். விரல் நெற்றிவரை போயிற்று, அங்கேயே நின்றது. மறுபடி போயிற்று, மறுபடி நின்றது. அம்பர்நாத்துக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தாயிற்று என்று யாரோ வந்து சொன்னார்கள். சரோஜா திரும்பவில்லை.

"எனக்கு எட்டு வயசு மேடம். பம்பாய்ல இருந்தோம். எங்கப்பா இட்லிக் கடை வெச்சிருந்தாரு. மதராசிங்கள அடிச்சுத் தொரத்தனாங்களே, அப்போ. எங்கம்மா எங்க நெத்தில இருந்த துன்னூற எச்சில் தொட்டுத் தொடைச்சா. தலையில இருந்த கனகாம்பரத்த பிச்சுப் போட்டா. வாயத் தொறக்கக் கூடாதுன்னா. கதவ சாத்திகினு எத்தினியோ நாளு வூட்டுக்குள்ள ரகசியமாத்தான் பேசுனோம். தமிழ்ல தும்மக்கூட பயம். அப்புறம்தான் கட்கிக்கு மாமன் வூட்டுக்கு வந்தது. எனக்குப் பொண்ணு பொறந்தா அது நெத்திய யாரும் தொடைக்கக் கூடாதுன்னு அன்னிக்கே நெனச்சேன். இப்போ நானே தொடைக்கறேன் பாரு."

இதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று வனிதா இந்தியில் கேட்டாள். நீ கேக்கல, நானும் மறந்துட்டேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன் என்றார் சரோஜா. பிறகு பொட்டை உரித்துக் கண்ணாடியில் ஒட்டினார். இந்த நாடகத்தைத் தமிழில் எழுதுவதற்காக எத்தனையோ மாதம் அந்தப் போரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தவள் நான். பக்கத்தில் மாவுத் தூக்கோடு நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நமக்கென்று ஒரு துயரம் கிடையாதா என்று எழுதிய அவுந்த் அதிகாரி அப்போது வெளியே இரண்டாவது வரிசையில் மசாலாக் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

பொட்டை எடுத்த இடத்தில், வருடக்கணக்காக ஒட்டி ஒட்டி வெளுத்துப்போன ஒரு வட்டம் இருந்தது. மேக்கப்காரர் குனிந்து பார்த்துவிட்டு, நான் அன்றே நினைத்தேனே என்பதுபோல் எனக்குத் தலையசைத்தார். ஸ்பாஞ்சை எடுத்தார். வனிதா அவர் கையைத் தடுத்து, வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

அன்று அவள் பேசிய முதல் வசனம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒத்திகையில் இல்லாத ஒரு தணிந்த குரலில் பேசினாள். பின்வரிசையிலிருந்து "சவுண்டு!" என்று ஒருவர் கத்தினார். "ஆவாஸ்!" என்று இன்னொருவர் மொழிபெயர்த்தார். அவள் ஏற்றவில்லை. அவளுக்கு அப்பாவாக நடித்தவர் பழக்கத்தில் ஒரு வசனத்தை முழங்கிவிட்டு, தன் குரல் தனக்கே நாராசமாகக் கேட்டதாலோ என்னவோ, அடுத்த வசனத்தைத் தாழ்த்தினார். பிறகு எல்லாருமே தாழ்த்தினார்கள். கடலைப் பொட்டலங்களின் சத்தம் நின்றது. சனங்கள் நாற்காலி நுனிக்கு வந்து காதைக் கொடுத்தார்கள். நடுவில் கட்கி ஸ்டேஷன் பக்கம் ஒரு லோக்கல் ரயில் கடந்து போயிற்று. வனிதா பேச்சை நிறுத்திவிட்டு, யாரோ வருகிறார்களோ என்று நிமிர்ந்து கேட்டாள். மண்டபமே அவளோடு சேர்ந்து கேட்டது. கதவு தட்டப்பட்டபோது முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. குலவை எதுவும் எழவில்லை. கதவைப் பார்த்தபடி வாய்திறக்காமல் அழுத வனிதாவின் நெற்றியில், விளக்கு வெளிச்சத்தில், அந்த வெளிறிய வட்டம் மட்டும் தெரிந்தது. பக்கத் திரைக்குப் பின்னால் சரோஜா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

அந்த மாதம் கருத்துப் பகுதிக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது, அவுந்திலிருந்து. 'வசனம் கேட்கவில்லை. அடுத்த முறை நல்ல மைக் வைக்கவும்.' குல்கர்ணி பாயி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஜ் சகளம் களலம்" என்றார். இன்று எல்லாம் புரிந்தது என்று அர்த்தம். அம்பர்நாத்துக்காரர்கள் நாடகம் முடியும்வரை இருந்து பார்த்து, பெண் மேல் சாமி வரவில்லை என்று திருப்தியாகத்தான் போனார்கள். ஒரு வாரம் கழித்து அதே மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து தகவல் வந்தது. சாமி வருகிற பெண்ணையாவது எலுமிச்சம்பழத்தால் அடக்கலாம், சத்தம் போடாமல் அழுகிற பெண்ணை நம்ப முடியாது என்று. சரோஜா அவர்களை ஒரு மாதம் திட்டினார், அதற்குப் பிறகு மகளை வேலைக்கு அனுப்பினார். வனிதா இப்போது ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். மேனேஜர் நாடகம் மறுபடியும் நடக்கிறது. கௌஹாத்திக்காரருக்குத் திரும்ப மாற்றலாகிவிட்டது.

எனக்கும் ஊருக்கு மாற்றல் கேட்கும் வாய்ப்பு இரண்டு முறை வந்தது, நான் கேட்கவில்லை. ஒருமுறை விடுமுறைக்குக் கோவில்பட்டி போனபோது, புனேப் பழக்க தோஷத்தில் துப்பட்டாவை எடுத்து முகத்தைக் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறேன். எங்கள் தெருக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். நான்தான் அண்ணாச்சி என்று முடிச்சை அவிழ்த்தேன். "அடையாளமே தெரியலையேம்மா" என்றார், அவிழ்த்த பிறகும்.

கட்கியில் மாட்டிய கண்ணாடி என் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. வனிதாவின் பொட்டு அதிலேயே இருந்தது. முதலில் எடுக்க மறந்தேன், பிறகு எடுக்க மனம் வரவில்லை. காலையில் வங்கிக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் நின்றுதான் தலை வாருகிறேன். கொஞ்சம் குனிந்தால் அந்தப் பொட்டு என் நெற்றிக்குச் சரியாகப் பொருந்தும். துப்பட்டாவைத் தலையில் போட்டு, நெற்றியை மூடி, மூக்கைச் சுற்றி முடிச்சுப் போடுகிறேன். கண்ணாடிக்குள் கண் மட்டும் தெரிகிற ஒரு புனேக்காரி நிற்கிறாள். அவள் நெற்றித் துணியின் மேல், நடுவில், அரக்குப் பொட்டு இருக்கிறது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நான் நகர்கிறேன். பொட்டு என்னோடு வருவதில்லை.